வெளிநாட்டு சிம்மோடு ஊட்டி போகிறவர்களுக்கு

லீவுக்கு ஊர் வந்து குடும்பத்தோடு ஊட்டி கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டே விஷயத்தில்: இ-பாஸ், மலை ரயில்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற வேண்டும். கட்டணம் இல்லை. உள்ளூர் செல்போன் எண்ணுக்கு ஓடிபி வரும்; வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் வழியாகப் பதியலாம். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அதனால் எந்தக் கார் என்று உறுதியாகும் முன் எடுக்காதீர்கள். டிராவல்ஸ்காரர் காலையில் வேறு காரை அனுப்பிவிட்டால், சோதனைச் சாவடியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இந்தத் தொல்லையே கிடையாது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டிகள் சின்னவை, விமானப் பயணப் பெரிய சூட்கேஸ் உள்ளே அடங்காது; சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிட்டுத் தோள்பையோடு வாருங்கள்.

கல்லாறு தாண்டியதும் ஜன்னல் வழியே தண்டவாளத்தின் நடுவைப் பாருங்கள். இரண்டு பல் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், ஆகவே இன்ஜினின் பல்சக்கரம் ஒரு கணமும் பிடி விடாது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற செங்குத்தில் வண்டி வழுக்காமல் ஏறுவது இதனால்தான். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்: ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதனால் ஏறுகையில் முதல் பெட்டிக்காரர்களுக்கு முன்னே இன்ஜின் மறைக்காது, பாதை முழுசாகத் தெரியும். குன்னூர் வரை நீராவி, அப்புறம் டீசல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறு–குன்னூர் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாவது வழக்கம். அந்த மாதங்களில் வருகிறவர்கள் மலையேறிக் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் டிக்கெட் போடுவது நல்லது. குழந்தைகளின் ஆசை வீணாகாது, தூரமும் குறைவு. நீராவி இன்ஜின் மட்டும் கிடைக்காது.

ஊட்டியில் 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்குத் திறந்ததும் போய்விடுங்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தை அப்போதுதான் நெரிசல் இல்லாமல் நின்று பார்க்க முடியும். ஏரியில் படகுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தை புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குக் கொடுங்கள். உள்ளே நுழைந்து அண்ணாந்து பாருங்கள்: கூரையைத் தாங்கும் கனத்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலையேறி வந்தவை.