ஏ.பி. வகுப்பு கிரேடா, தேர்வு ஸ்கோரா: கல்லூரி எதைப் பார்க்கிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்னும் கல்லூரித் தரப் பாடம் எடுக்கும் மாணவருக்கு ஆண்டு முழுக்க ஆசிரியர் போடும் கிரேடு உண்டு. மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் தேர்வில் 1 முதல் 5 வரை ஒரு ஸ்கோரும் உண்டு. பெற்றோருக்குப் பயம் ஸ்கோரைப் பற்றி. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகள் அதிகம் பார்ப்பது கிரேடைத்தான்.

இதற்குப் பாதிக் காரணம் காலண்டர். 12-ஆம் வகுப்பில் எழுதும் தேர்வுக்கு ஜூலையில்தான் ஸ்கோர் வரும். அதற்குள் சேர்க்கையே முடிந்துவிடும். ஆக, 11-ஆம் வகுப்பு வரை எழுதியவைதான் விண்ணப்பத்தில் ஏறும். அதையும் பெரும்பாலான கல்லூரிகளில் போடலாம், விடலாம். கிரேடை அப்படி மறைக்க முடியாது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இது பளிச்சென்று தெரியும். ஏ.பி. வகுப்பில் ‘சி’ எடுத்தாலே, ஒரு வரம்புக்குள், ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கில் கூடுதல் புள்ளி கிடைக்கும், தேர்வே எழுதாவிட்டாலும். 3 அல்லது அதற்கு மேல் வாங்கிய ஸ்கோர் பெரும்பாலும் சேர்ந்த பிறகு, பட்டப்படிப்புக்கான கிரெடிட்டாகத்தான் கைகொடுக்கும்.

யேல் பல்கலைக்கழகம் 2024-இல் வேறு வழி எடுத்தது. எஸ்ஏடி, ஏசிடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுகள், ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) தேர்வு, ஏ.பி. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கட்டாயம் காட்டச் சொன்னது. ஏ.பி.யைத் தேர்ந்தெடுத்தால் அதுவரை எழுதிய எல்லா ஸ்கோரையும் காட்ட வேண்டும். மூன்று 5-க்கு நடுவே ஒரு 2 இருந்தால், நல்ல எஸ்ஏடி மதிப்பெண்ணே பத்திரம் என்பேன்.

சரி, விருப்பம் நம் கையில் இருக்கும் கல்லூரிகளில்? 4, 5 என்றால் தயங்காமல் போடலாம். 3-க்குப் பாடமும் கல்லூரியும் பார்க்கணும். கால்குலஸ் பிசி (ஏ.பி. கணிதப் பாடம்) வகுப்பில் ‘ஏ’, தேர்வில் 2 என்றால் அந்த ‘ஏ’ மீதே சந்தேகம் வரும். இன்ஜினீயரிங் கேட்பவர் அந்த ஸ்கோரை விட்டுவிடுவதே நல்லது.

பிரிட்டன் பக்கம் போனால் கதை தலைகீழ். அமெரிக்கப் பள்ளி டிப்ளமோ மட்டும் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போதாது. பாடத்துக்கு ஏற்ற ஏ.பி.க்களில் 5 கேட்பார்கள். நிபந்தனையோடு இடம் தருவதால் 12-ஆம் வகுப்பு மே தேர்வும் கணக்கில் வரும். அமெரிக்கக் கல்லூரியை உறுதி செய்த நண்பர்கள் சீனியரைட்டிஸில் (கடைசி ஆண்டுப் படிப்புச் சோம்பலில்) ஹாயாகத் திரியும்போது, லண்டன் விமானத்துக்குக் காத்திருப்பவர் ஜூலை வரை நகம் கடிக்க வேண்டியதுதான்.