செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கூண்டு

லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் அழைக்கப்படும் பட்ஜி கிளி எங்கள் மரகதம். ஐந்து மாதமாக இந்தக் கூண்டில்தான் இருக்கிறாள். கம்பிகளின் இடைவெளி அரை அங்குலம், தலை சிக்காது. இரண்டரை அடி நீளம் என்பதால் குறுக்கே சிறகடித்துப் பறக்கிறாள். கூண்டுக்கு உயரத்தைவிட நீளம்தான் முக்கியம்.

உடன் வந்த பிளாஸ்டிக் குச்சிகள்தாம் மோசம். எல்லாம் ஒரே பருமன், வழவழப்பு. அவள் பாதம் சிவந்ததைக் கண்டு பதறிப்போனேன். மருந்து தெளிக்காத எங்கள் கொய்யா மரத்துக் கிளைகளை மெலிந்தும் தடித்துமாக வெட்டி, கழுவிக் காயவைத்துக் கட்டினேன். சிவப்பு மறைந்துவிட்டது.

நம் நாட்டுப் பச்சைக்கிளி கேட்டு வந்த ஒருவரிடம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது குற்றம் என்று கூண்டு விற்ற கடைக்காரர் கண்டிப்பாக மறுத்தார். அதனாலேயே தினையும் அவரிடமே வாங்குகிறேன்.