வேட்டைக்குக் குட்டி பொறுக்க ஏழு வார வோல்ஹார்டு சோதனை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

ஒரே ஈத்துக் குட்டிகளை 49ஆம் நாளில் ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் போய், பத்து விதமாகச் சோதித்து, ஒவ்வொரு சோதனைக்கும் 1 முதல் 6 வரை எண் போடுவதுதான் வோல்ஹார்டு குட்டிச் சோதனை. ஜாக், வெண்டி வோல்ஹார்டு தம்பதி உருவாக்கியது. நாய்க்குட்டி வளர்த்து விற்கும் பல கென்னல்கள் இந்த மதிப்பெண் தாளைக் குட்டியோடு சேர்த்தே கொடுக்கின்றன, வேட்டை நாய் தேடுகிறவர்களும் கேட்டு வாங்குகிறார்கள். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேட்டைக்கு ஒத்துவராத குட்டியைக் கழிக்க இது நல்ல கருவி. ஒத்துவரும் நாலைந்தில் கெட்டிக்காரக் குட்டி எது என்று இது காட்டாது. அதற்குத் தாயையும் தகப்பனையும்தான் பார்க்க வேண்டும்.

எண்களின் பொருள் தெரியாமல் தாளை வாங்கிப் பயனில்லை. 1 என்றால் மிகத் துடுக்கான, அடங்காத எதிர்வினை. 5 என்றால் ஒடுங்கிப் போகும் குணம். 6 பெரும்பாலும் ஆர்வமே இல்லை என்பதைக் குறிக்கும். கூட்டிப் பார்க்கவோ சராசரி எடுக்கவோ கூடாது. ஒரு குட்டிக்கு 1, 5, 1, 5 என்று மாறி மாறி விழுந்தால் சராசரி 3 வரும், ஆனால் 3 எடுக்கும் குட்டியின் நிதானம் அதில் துளியும் இருக்காது.

பத்தில் வேட்டைக்கு உயிரான சோதனை, வீசியதை எடுத்து வருவது. கசக்கிய காகித உருண்டையைக் குட்டியின் கண்ணெதிரே ஆட்டிக் காட்டிவிட்டு நாலடி தூரத்தில் வீசுகிறார்கள். துரத்திக் கவ்வி, வீசியவரிடமே கொண்டுவந்தால் 3. கவ்விக்கொண்டு வேறு பக்கம் ஓடினால் 1. போய் அதன் மேலேயே நின்றுவிட்டால் 2. துரத்திப் போய் வெறும் வாயோடு திரும்பினால் 4. பாதி வழியில் ஆர்வம் போய்விட்டால் 5. திரும்பியே பார்க்காவிட்டால் 6. சுட்ட பறவையை எடுத்து வரும் ரெட்ரீவர், ஸ்பானியல் வகைகளில் 3 எடுத்த குட்டியைத் தனியாகக் குறித்து வையுங்கள். 1 எடுத்ததையும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். கவ்வும் வெறி அதற்கு இருக்கிறது, கொண்டுவந்து கொடுக்கத்தான் பழக்க வேண்டும். 5, 6 எடுத்தவற்றில் அந்த வெறியே குறைவு, அதைப் பயிற்சியால் உண்டாக்குவது பெரும்பாடு. வழிகாட்டி நாய்களுக்குக் குட்டி தேர்ந்தெடுத்த கிளாரன்ஸ் பாஃபன்பெர்கரும் இந்தச் சோதனைக்குத்தான் தனி மதிப்புக் கொடுத்தார். மனிதனோடு சேர்ந்து வேலை செய்யும் விருப்பம் இதில் தெரியும் என்பது காரணம்.

ஒரு முறை வீசிப் பார்த்து எண் போடுவது போதாது. மூன்று முறை வீசச் சொல்லுங்கள். முதல் முறை விளையாட்டுப் புத்தியில் எந்தக் குட்டியும் ஓடும். மூன்றாவது முறையும் அதே வேகத்தில் போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றோடு நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் நல்ல குட்டியும் சலித்துப்போகும்.

அடுத்தது சத்தச் சோதனை. குட்டி பார்க்காதபோது சில அடி தள்ளி உலோகப் பாத்திரத்தில் கரண்டியால் ஓங்கித் தட்டுவார்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று தலையைத் திருப்பிப் பார்க்கும் குட்டியோ, அதை நோக்கி நடக்கும் குட்டியோ வேண்டும். திடுக்கிடுவதால் குற்றமில்லை, எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்று பாருங்கள். சில நொடிகளில் மறுபடி மோந்துகொண்டு நடந்தால் நல்லது. ஓடி ஒளிந்து, கூப்பிட்டும் வராமல் கிடந்தால் அந்தக் குட்டி துப்பாக்கிப் பக்கம் போக வேண்டாம். சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் ‘தைரியசாலி’ என்று விற்பவர் சொல்லக்கூடும். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். இங்கிலீஷ் செட்டர் போன்ற, வெள்ளை நிறம் அதிகமுள்ள இனங்களில் பிறவிச் செவிடு உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு வாரத்துக்கு மேல் மின்முனை வைத்துச் செய்யும் செவித்திறன் சோதனை ஒன்றுதான் அதைக் காட்டும்.

சில இடங்களில் ஏழு வாரக் குட்டிகளுக்கு முன்னால் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டி ‘வெடிக்குப் பயப்படாத குட்டி’ என்று தருகிறார்கள். அப்படிச் செய்யும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள். வெடிப் பயம் பெரும்பாலும் இப்படி முன்தயாரிப்பில்லாமல் கேட்ட முதல் வெடியால்தான் வருகிறது, வந்தால் போக்குவது மிகக் கடினம். துப்பாக்கிச் சத்தம் மாதக்கணக்கில், தூரத்திலிருந்து மெதுவாக, குட்டி எதையோ ஆசையாகத் துரத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அறிமுகமாக வேண்டியது.

பின்தொடர்தலையும் மல்லாத்திப் பிடிப்பதையும் சேர்த்தே படியுங்கள். சோதிப்பவர் எழுந்து நடக்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் குட்டி, வயலிலும் உங்களைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் தேடும். மல்லாத்தி 30 நொடி பிடிக்கும்போது கொஞ்சம் திமிறி, பிறகு அடங்கி, முகத்தைப் பார்த்தால் கற்றுக்கொடுக்க எளிது. 30 நொடியும் கடித்துத் திமிறினால் அது அனுபவசாலியின் கைக்குத்தான் சரி. பின்தொடர்தலில் 6, எடுத்து வருவதிலும் 6 என்றால் அந்தக் குட்டி தன் போக்கில் போகும் நாயாகவே வளரும்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். விரலிடுக்குச் சவ்வை மெல்ல அழுத்தி பத்து வரை எண்ணும் சோதனையில், ஒன்று இரண்டிலேயே கத்தும் குட்டிக்கு முள்ளும் புதரும் தொல்லை. குடை விரிப்பதும், துண்டைக் கயிற்றில் கட்டி இழுப்பதும் நிதானத்தைக் காட்டும். தூக்கிப் பிடிப்பதற்கும் வேட்டைக்கும் நேரடிச் சம்பந்தம் குறைவு.

இந்தத் தாளின் பெரிய குறை, மோப்பத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லாததுதான். அதை நீங்களே செய்து பார்க்கலாம். காடை இறக்கையை ஒரு நீளக் கயிற்றின் நடுவில் கட்டுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இறக்கை நடுவில் தரையோடு உரசும்படி, குட்டைப் புல்லில் பத்து மீட்டர் நடக்க வேண்டும். ஒருவரே இழுத்தால் குட்டி இறகை விட்டுவிட்டு அவர் காலடி மணத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். காற்று குட்டியின் முதுகுப் பக்கத்திலிருந்து வீசட்டும், எதிர்க்காற்று என்றால் தலையைத் தூக்கிக் காற்றிலேயே மணம் பிடித்து நேராக ஓடிவிடும், தரை மணத்தைப் பின்பற்றுகிறதா என்று தெரியாது. ஆறாவது மீட்டரில் பக்கவாட்டில் ஒரு திருப்பம் வையுங்கள். முடிவில் இறக்கையை விட்டுவிட்டு, தொடக்கத்தில் நாலு இறகைப் பிய்த்துப் போட்டு அங்கே குட்டியை இறக்குங்கள்.

திருப்பத்தில்தான் குட்டியின் தரம் தெரியும். எல்லாக் குட்டியும் வேகத்தில் திருப்பத்தைத் தாண்டி நேரே போகும். மணம் அறுந்தது தெரிந்து, மூக்கைத் தரையிலேயே வைத்து வட்டமடித்து, விட்ட இடத்தைக் கண்டுபிடித்துத் திரும்புகிற குட்டியை விடாதீர்கள். தலையைத் தூக்கி யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது இரண்டாந்தரம். அடுத்த குட்டிக்குப் பல மீட்டர் தள்ளிப் புதுத் தடம் போடுங்கள், பழைய தடத்தில் விட்டால் முந்தைய குட்டியின் மணத்தில்தான் அது போகும்.

பறவையின் மணம் பட்டதும் அசையாமல் நின்று காட்டும் பாயின்டர் இனக் குட்டி வாங்கப் போனால், மீன் தூண்டிலில் இறக்கையைக் கட்டி ஆட்ட, ஆறு வாரக் குட்டி காலைத் தூக்கிச் சிலைபோல் நிற்பதைக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான், மயங்காதீர்கள். அது கண்ணால் பார்த்து நிற்பது. வயலில் வேண்டியது, பறவை கண்ணில் படாமலே மணத்தால் நிற்பது. இந்த விளையாட்டை ரொம்ப ஆடினால் குட்டி கண்ணை நம்பப் பழகிவிடும். தண்ணீர்ச் சோதனையும் அப்படித்தான், ஒரு அளவுக்குமேல் பொருள் இல்லை. வெயிலில், வெதுவெதுப்பான, குட்டியின் முழங்கால் அளவுத் தண்ணீரில் அது தானாக இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். தூக்கிப் போட்டால் அன்றோடு தண்ணீரே பிடிக்காமல் போகலாம்.

சோதனை கெட்டுப் போகும் வழிகள் பல. பிரீடரே சோதித்தால் குட்டிகள் பழகிய ஆளிடம் பழகியபடி நடக்கும், சோதிப்பவர் அந்நியராக இருக்க வேண்டும். இடமும் புதிதாக இருக்க வேண்டும், தாயின் சத்தம் கேட்கக் கூடாது. தடுப்பூசி போட்ட நாளிலோ மறுநாளோ, பூச்சி மருந்து கொடுத்த நாளிலோ சோதித்தது செல்லாது. தின்றவுடன் சோதித்தால் எல்லாக் குட்டியும் சாதுதான். தாளில் தேதியும் நேரமும் இல்லையென்றால் கேளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஏழு வாரத்தில் தெரிவதற்கு எல்லை உண்டு. ஸ்வீடனில் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளை எட்டு வாரத்தில் சோதித்து, வளர்ந்தபின் மறுபடி சோதித்தார்கள். வில்சனும் சுண்ட்கிரெனும் 1998இல் வெளியிட்ட அந்த ஆய்வின் முடிவு: குட்டிப் பருவ மதிப்பெண்ணை வைத்து, வளர்ந்த நாய் பணிக்கு உதவுமா என்று சொல்ல முடியாது. அதனால்தான் தாய் தகப்பன். இரண்டையும் வீட்டு வாசலில் அல்ல, வயலில் வேலை செய்யும்போது பாருங்கள். பட்டம் எதற்குக் கிடைத்தது என்றும் பாருங்கள், அழகுப் போட்டிப் பதக்கம் வேட்டைக்குச் சான்று ஆகாது. வட அமெரிக்காவின் வேட்டை நாய் அமைப்பான நவ்டா 16 மாதத்துக்குட்பட்ட நாய்களுக்கு நடத்தும் இயல்புத் திறன் சோதனை மோப்பம், தேடல், தடம் பிடித்தல், நிற்றல், தண்ணீர், வேலை ஆர்வம், ஒத்துழைப்பு என்று ஏழையும் அளக்கிறது, முழு மதிப்பெண் 112. பெற்றோர் மட்டுமல்லாமல் அவற்றின் உடன்பிறப்புகளும் நன்றாக வாங்கியிருந்தால் அந்த வம்சத்தை நம்பலாம். அதே ஜோடியின் முந்தைய ஈத்து நாய்கள் இப்போது வேலை செய்கின்றன என்றால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

உடல்நலக் காகிதத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுப்பு மூட்டுக்கு ஓஎஃப்ஏ (விலங்குகளின் எலும்பு மூட்டு நலத்தை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு) தரும் இறுதிச் சான்று 24 மாதத்துக்கு முன் கிடைக்காது. ஒன்றரை வயதுத் தகப்பனுக்கு அந்தச் சான்று இருப்பதாகச் சொன்னால் அது முன்னோட்ட மதிப்பீடுதான். லேப்ரடாரில் கடும் ஓட்டத்தில் 5 முதல் 20 நிமிடத்துக்குள் பின்னங்கால் தள்ளாடி விழும் பரம்பரைக் கோளாறு உண்டு. வேட்டை நாய்க்கு இது வந்தால் கதை முடிந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், ஒருவராவது சுத்தம் என்று மரபணுச் சோதனை சொன்னால் போதும். குட்டியைத் தூக்கிப் பாருங்கள்: தொப்புளில் புடைப்பு, உள்ளே மடங்கிய இமை, கீழ்த்தாடை முன்தள்ளிய கடி. இரையைக் கவ்வ வேண்டிய வாய் ஆயிற்றே.

கன்னி, சிப்பிப்பாறை, கிரேஹவுண்ட், சலூக்கி போல் கண்ணால் கண்டு துரத்தும் இனங்களுக்கு இந்தத் தாளை அப்படியே பொருத்தாதீர்கள். எடுத்து வருவதில் 5, 6 அவற்றுக்குக் குறையில்லை. துண்டை இழுக்கும் சோதனையில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது, துண்டு நின்றபின் எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள்.

குட்டியை வீட்டுக்கு எடுத்து வருவது எட்டு வாரம் முடிந்து. 49ஆம் நாள் தாளைப் பார்த்து இரண்டு மூன்றைக் குறித்து, 56ஆம் நாள் வேறு நேரத்தில் போய், காகித உருண்டையையும் இறக்கைத் தடத்தையும் மட்டும் அவற்றுக்கு மறுபடி வையுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி செய்த குட்டியை எடுங்கள். தாளைக் கேட்கும்போது உங்கள் குட்டியுடையதை மட்டுமல்லாமல் மொத்த ஈத்தின் தாள்களையும் கேளுங்கள். எல்லாக் குட்டிக்கும் 3 மட்டுமே விழுந்திருந்தால் அங்கே சோதனை நடக்கவில்லை.