தம்பியைச் சேர்த்த இராணுவப் பயிற்சி மையம்: 3 மாதம், 24,000 ரூபாய்

பாலக்கோட்டில் ஓர் இ-சேவை மையத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று போகிற நாளில், பட்டாளத்தில் சிப்பாயாகச் சேருவதற்கான அக்னிவீர் விண்ணப்பம் திறந்துவிட்டால் மட்டும் வாசலில் பையன்கள் கூட்டம் சேர்ந்துவிடும். மாரண்டஹள்ளி, பஞ்சப்பள்ளி, காரிமங்கலம் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை நீட்டியபடியே, "அக்கா, எந்த அகாடமில சேரலாம்?" என்று கேட்பார்கள். இதுவரை பதில் தெரியாமல் இருந்தேன். போன ஐப்பசியில் என் தம்பியையே ஒரு மையத்தில் சேர்த்தோம். பொங்கலுக்கு முன்னால் முடித்துவிட்டு வந்தான். இப்போது சொல்ல முடியும்.

மையத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளை நிறுவனரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. தங்கிப் படிக்க மூன்று மாதத்துக்கு, சாப்பாட்டோடு 24,000 ரூபாய் கட்டினோம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே நல்லது. காலை 4.30க்கு விசில். ஒரு டம்ளர் ராகிக் கூழ் குடித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். கரை முழுக்க மண் பாதை, தார் ரோடு கிடையாது. இது சின்ன விஷயம் இல்லை. தார் ரோட்டில் ஓடிக் கெண்டைக்கால் எலும்பில் வலி வந்து, ரேலிக்கு, அதாவது பட்டாளத்தின் உடல்தகுதித் தேர்வுக்கு, போகாமலே நின்றுபோன பையன்களை எனக்குத் தெரியும். இங்கே இருக்கிற மாஸ்டர் முன்னாள் படைவீரர். முதல் இரண்டு வாரம் யாரையும் வேகமாக ஓடவே விடவில்லை. தம்பி முதல் நாள் 1,600 மீட்டரை 7 நிமிடம் 10 விநாடியில் ஓடினான். கடைசி வாரத்தில் 5.38. ரேலியில் 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 5.45க்குள் என்றால் 48. பீம் எடுப்பது, அதாவது கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது, பத்து முறை எடுத்தால் 40. போகும்போது மூன்றுக்கே கை நடுங்கியவன், வரும்போது ஒன்பது எடுத்தான். 9 அடி பள்ளம் தாண்டுவதும் ஜிக்ஜாக் கட்டையில் விழாமல் நடப்பதும் அவனுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிட்டது.

சாப்பாடும் குறை சொல்ல முடியாது. மதியம் சோறு, குழம்பு, தினமும் ஒரு முட்டை. வாரத்தில் இரண்டு இரவு களியும் கீரையும். சமைக்கிற அம்மா பென்னாகரம் பக்கம். பையன்களைச் "சாமி, இன்னும் ரெண்டு வாய் துன்னு" என்று அதட்டித் தின்ன வைப்பார்.

ஏரிக்கரை முனையில் ஒரு நடுகல் இருக்கிறது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோமே, அதுதான். வில் பிடித்த ஆள், காலடியில் மாடு. ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு வைத்த கல். தர்மபுரி அருங்காட்சியகத்தில் இந்த மாதிரிக் கற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பதைப் பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். பையன்கள் ஓட ஆரம்பிக்கும் முன் அதைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அம்மா முதல் முறை தம்பியைப் பார்க்க வந்தபோது அந்தக் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். எதுவும் பேசவில்லை.

சரி, குறைகள்.

சேரும்போதே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். "பத்திரமா இருக்கும்மா" என்றார்கள். நானும் கொடுத்துவிட்டேன். சான்றிதழ்களோடு தினமும் புழங்குகிற நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. கார்த்திகையில் ஓசூர் கம்பெனி ஒன்றில் தம்பிக்கு நேர்காணல் வந்தது. அசலைக் கேட்டு நான்கு முறை போனேன். சாவி இல்லை, மேனேஜர் ஊரில் இல்லை என்று இழுத்து, நேர்காணல் முடிந்த மறுநாள் கொடுத்தார்கள். பையன் பாதியில் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிப் பிடித்து வைக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையன் மனம் மாறுவதற்கு வழி விட வேண்டாமா? நகல் போதும். எந்த மையம் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, உடம்பை முதல் நாளே சரிபார்ப்பதில்லை. தம்பியோடு தங்கியிருந்த ஒரு பையனுக்கு நேராக நின்றால் முட்டி இரண்டும் தட்டும். மெடிக்கலில் இது கழித்துவிடக்கூடிய குறை. மூன்று மாதம் முழுப் பணமும் வாங்கிவிட்டு, கடைசி வாரம்தான் மாஸ்டர் அவனிடம் சொன்னார். அவன் அப்பா கல் உடைக்கிறவர். உயரம், மார்பளவு, தட்டைப் பாதம், முட்டி, நிறக்குருடு இதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நம் பையன்களுக்குப் பொதுப்பணி (ஜெனரல் டியூட்டி) சிப்பாய் பிரிவுக்கு 166 செ.மீ. உயரம் வேண்டும். மார்பு 77 செ.மீ. இருந்து, மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கண்ணையும் காலையும் காட்டிவிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மையத்துக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை.

மையத்தின் கேட்டருகே ஓர் ஆள் நிற்பார். "ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்கு" என்று தம்பியிடம் இரண்டு லட்சம் பேசினார். மாஸ்டருக்கு அதில் சம்பந்தம் இல்லை என்றே நம்புகிறேன், ஆனால் அந்த ஆளை அங்கே நிற்க விடுவது தப்பு. விண்ணப்பத்தோடு தேர்வுக் கட்டணம் 250 ரூபாய். நம் தர்மபுரி மாவட்டம் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் கணினியில் எழுத்துத் தேர்வு, அதில் தேறியவர்களுக்குத்தான் ரேலி, அப்புறம் மெடிக்கல். நடுவில் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று. மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அந்த மையத்தில் யாரும் நான்கு வருடத்தைப் பற்றிப் பேசவில்லை. சுவரில் பெரிய எழுத்தில் "நிரந்தர அரசு வேலை" என்று எழுதியிருக்கிறது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவித்த பிறகு சிப்பாயாகச் சேருவது நான்கு வருடத்துக்குத்தான். முடிவில் நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெளியே வர வேண்டும். ஓய்வூதியம் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கேன்டீன் அட்டையும் கிடையாது. தம்பியோடு இருந்த 40 பேரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது, கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அக்னிவீருக்கு முதல் வருடம் மாதச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம், 9,000, பிடித்துவிட்டு 21,000 கையில் வரும். நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. பிடித்த பணத்தை வருடவாரியாகக் கூட்டினால் 5,02,200. அரசு அதே அளவு போடுகிறது, ஆக முடிவில் கிடைப்பது 10,04,400. அதற்கு வட்டி உண்டு, வருமான வரி கிடையாது. பணியில் இருக்கும்போது 48 லட்சம் காப்பீடு. வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. தம்பி முன்பு ஏழு மாதம் ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தான். காலை 5.10க்கு கம்பெனி பஸ், கையில் 14,500. அந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். பணத்தை மட்டும் பார்த்தால் பட்டாளம்தான் மேல். ஆனால் 23 வயதில் பத்து லட்சத்தோடு திரும்பி வந்து நிற்கிறவனுக்கு அடுத்தது என்ன? மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத இடஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். அங்கேயும் போட்டி இருக்கும். நான்கு வருடம் முடித்து வந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் எங்கள் பக்கத்தில் இன்னும் அப்படி ஒருவரும் இல்லை.

"எனக்குத் தெரியும்க்கா, எப்பவோ படிச்சிட்டேன்" என்றான் தம்பி. "பத்து லட்சத்துக்காகப் போகல."

பிறகு எதற்கு என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுண்டுவிரலால் பாயில் கோடு போட்டுக்கொண்டே இருந்தான்.

எங்கள் தெருவில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக வந்த ஒருவர் இருக்கிறார். முறைக்கு எங்களுக்குப் பெரியப்பா. வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். 1758இல் தொடங்கிய படை, இந்தியத் தரைப்படையிலேயே பழைய காலாட்படை என்று சொல்லும்போது அவர் முதுகு நிமிரும். பொங்கல் முடிந்ததும் தம்பியை அவரிடம் கூட்டிப் போனேன். நல்லது கெட்டது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சம்பளத்தைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ எதுவும் பேசவில்லை.

"கண்ணு, களத்துல எங்க ராகிப் போரு கெடக்குது. பன்னி வருது. ராத்திரி பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் நீ காவலுக்கு நில்லு. உக்காரக் கூடாது. போனை வூட்ல வெச்சிட்டு வா. பத்து நாளு."

தை மாதப் பனி. போர்வையைச் சுற்றிக்கொண்டு போனான். முதல் இரண்டு நாள் திட்டிக்கொண்டே திரும்பினான். மூன்றாம் நாள் பெரியப்பாவும் அங்கே போய், கொஞ்ச தூரத்தில், பேசாமல் நின்றாராம். ஏழாம் நாள் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று அம்மா தடுத்தும் போனான். ஓடுவது கஷ்டம் இல்லையாம், நிற்பதுதான் கஷ்டமாம். இருட்டில் ஒன்றுமே நடக்காது, நடக்காததைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்க வேண்டும். "பட்டாளத்துல முக்காவாசி இதுதான், தீபாவளி அன்னிக்கும் இதுதான். இது உனக்கு ஒத்து வருதான்னு மட்டும் பாரு" என்றாராம் பெரியப்பா. பத்தாம் நாள் முடிந்து வந்தவன் என்னிடம், "ஒத்து வருதுக்கா" என்றான். பாயில் கோடு போட்டவனின் குரல் இல்லை அது.

மாஸ்டரைக் குறைத்துப் பேசவில்லை. அவர் கொடுத்த கால்கள் இல்லாமல் தம்பி ரேலி வாசலைக்கூட மிதிக்க முடியாது. ஆனால் 24,000 கட்டிய இடத்தில் கேட்காத கேள்வியை ராகிக் களத்தில் ஒருவர் கேட்டார். பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் எல்லாரும் இப்படி ஓய்வு பெற்ற ஒருவரை வாரம் ஒருநாள் கூப்பிட்டுப் பையன்களோடு உட்கார வைக்கலாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தர்மபுரியிலேயே இருக்கிறது. அங்கே வருகிறவர்களிடம் கேட்டால் வர மாட்டேன் என்றா சொல்வார்கள்?

அப்பாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சம்மதம். அவர் தக்காளி லோடு ஏற்றுகிறவர், "என்னை மாதிரி கிரேட் தூக்க வேணாம்" என்பார். அம்மாதான் பேசாமல் இருந்தாள். அவள் கோபம் பட்டாளத்தின் மேல் இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மையத்தில் சேர்ந்தது, பணம் கட்டியது, நான்கு வருடம்தான் என்பது, எல்லாமே அவளுக்குக் கடைசியாகத்தான் சொன்னோம். "எது வந்தாலும் எனக்கு மொதல்ல தெரியணும்" என்றாள், தம்பியிடம், ஒரே ஒரு முறை.

விண்ணப்பம் திறந்ததும் தம்பி என் மையத்துக்கு வந்தான். வீட்டிலேயே போட்டிருக்கலாம். டோக்கன் எடுத்து மற்றப் பையன்களோடு வரிசையில் நின்று, 250 ரூபாயை நீட்டினான். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அடித்தேன். கைபேசி எண் கேட்கும் இடத்தில் அவன் எண்ணை அடிக்கப் போனேன். தேர்வுத் தகவல் எல்லாம் அதற்குத்தான் வரும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"அம்மா நம்பரைப் போடுக்கா" என்றான்.

போட்டேன்.