விரலுக்குப் பொருந்திய விளிம்பு: டிஸ்க் கோல்ஃப் பட்டர், மூன்றாண்டு அனுபவம்

கோபாலபுரம் எல்லைக்கு இப்பால் உள்ள எங்கள் தென்னந்தோப்பில், தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் விளையாட்டான டிஸ்க் கோல்ஃபுக்குக் கூடை நட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த அந்தக் கூடையில் தொங்குபவை, பொள்ளாச்சிச் சந்தையில் மாடு கட்டுவதற்கென வாங்கிய சங்கிலிகள். தட்டு அவற்றில் விழும் ஓசைக்காகவே மாலைதோறும் தோப்புக்குப் போகிறேன்.

கூடைக்கு அருகிலிருந்து எறிவதற்கான தட்டுக்குப் பட்டர் என்று பெயர். முதல் பட்டரை, பறக்கும் தன்மையைக் குறிக்கும் எண்களை மட்டும் பார்த்து வாங்கினேன். அதன் விளிம்பின் அடியில் பீட் எனப்படும் சிறு புடைப்பு உண்டு. ஐம்பது முறை எறிந்தால் அது சுட்டுவிரலின் பக்கவாட்டில் சிவந்த கோடாகப் பதிந்துவிடும்; வலி தொடங்கியதும் விரல் என்னையறியாமலே பிடியைத் தளர்த்த, ஒரு தட்டு முந்தியும் மற்றொன்று பிந்தியும் கழன்று, கூடையின் இருபுறமும் போய் விழும். பயிற்சி போதவில்லை என்று ஓராண்டு நம்பியிருந்தேன். அதே தட்டு நீண்ட விரல்கள் கொண்ட என் தம்பிக்கு அருமையாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, இன்னோவா நிறுவனத்தின் புடைப்பில்லாத ஏவியார். எடை 175 கிராம். அதன் பறக்கும் எண்கள்: வேகம் 2, மிதப்பு 3, திருப்பம் (வேகமாகப் பறக்கையில் பக்கவாட்டில் திரும்பும் அளவு) 0, இறுதிச் சாய்வு (வேகம் குறைந்தபின் எதிர்ப்பக்கம் சாயும் அளவு) 1. டிஎக்ஸ் எனப்படும், அந்த நிறுவனத்தின் அடிப்படை வகைப் பிளாஸ்டிக் என்பதால் வியர்த்த கையிலும் வழுக்குவதில்லை. கூடையைச் சுற்றிய பத்து மீட்டர் வட்டத்துக்குள் நின்று எறிந்தபின் உடல் நிலைகொள்ளும்வரை முன்னே அடிவைக்கக் கூடாது என்பது விதி; ஆகவே ஓடிவந்த வேகம் கைகொடுக்காத அந்த இடத்தில், தட்டை விடுவிக்கும் விரலின் சீர்மையே எல்லாம். அந்தச் சீர்மை எனக்கு இந்த விளிம்பில்தான் கிடைத்தது.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தென்னை மட்டையையே திருப்பிப் போடும். எதிர்காற்றில் தட்டு மேலெழும்பும், பின்காற்றில் அமிழும். அதற்காகப் பட்டரை மாற்றாமல் குறிவைக்கும் உயரத்தை மட்டும் மாற்றிக்கொள்வதே எனக்குப் பலன் தந்தது.

டிஎக்ஸ் விரைவில் தேயும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சங்கிலியிலும் சரளையிலும் பட்டுப்பட்டு விளிம்பு சொரசொரப்பானதும் இறுதிச் சாய்வு குறைந்துவிடுகிறது. பழையதையும் புதியதையும் மாறிமாறி எறிந்தபோது கை மீண்டும் குழம்பியது. இப்போது ஒரே எடையில் மூன்று ஏவியார்களைச் சேர்த்து வாங்கி, மூன்றையும் ஒன்றாகவே தேயவிடுகிறேன்.