கருவாட்டுப் படத்தைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரில் பெயின்டர் வேலை பார்க்கிறேன். வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக்குகளுக்கு வெளிச்சுவர் அடிப்பது, கோண்டலா என்ற தொங்கு மேடையில் தொங்கிக்கொண்டு. இதற்கு முன் புதுக்கோட்டையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கடை போர்டு, கல்யாண பேனர், கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுத்து எல்லாம். ஃபிளெக்ஸ் வந்தபின் இரண்டே வருடத்தில் கையில் வேலை இல்லை. அப்புறம்தான் விமானம் ஏறினேன். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தைப் பற்றி நான் எழுதுவதற்கு இந்த ஒரு தகுதிதான் எனக்கு உண்டு: வாழ்நாள் முழுக்கத் தூரிகை பிடித்தவன்.

எங்கள் சைட் சூப்பர்வைசர் ஒரு சீனப் பெரியவர். நாங்கள் அவரை அங்கிள் என்போம், அவர் எங்களைத் தம்பி என்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு வாங்கிவர 50 வெள்ளித் தாளை நீட்டியவர், கொடுக்காமல் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். “தம்பி, நீ முன்னாடி ஆர்ட்டிஸ்ட்தானே? இந்தப் படம் போட்டது யார் தெரியுமா?”

தெரியவில்லை. எத்தனையோ முறை அந்தத் தாளை எண்ணி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அதில் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்று சென் வென் சி வரைந்த கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். இன்னொன்று சியோங் சூ பியெங் 1978இல் வரைந்த, மீன் உப்பிட்டுக் காயப்போடும் படம். கருவாடு! நாணயத் தாளில் கருவாடு! இசைக்கருவிகளும் இருக்கின்றன: மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், சீனர்களின் பீப்பா என்ற தந்தி வாத்தியம், வயலின், நம்முடைய வீணை. அங்கிள் சொன்னார்: “அசல் எல்லாம் மியூசியத்தில் இருக்கு. போய்ப் பார். நீ பார்க்க வேண்டியது.”

அடுத்த ஞாயிறே போனேன். சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. பாடாங் திடலைப் பார்த்தபடி இரண்டு பழைய கட்டடங்கள் நிற்கின்றன. 1929இல் முடிந்த நகர மண்டபம் ஒன்று, 1939இல் முடிந்த உச்ச நீதிமன்றம் மற்றொன்று. 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படை சரணடைந்தது இந்த நகர மண்டபத்தில்தான். இரண்டையும் பாலம் போட்டு இணைத்து, மேலே கண்ணாடிக் கூரை வைத்து, 2015 நவம்பரில் கலைக்கூடமாகத் திறந்தார்கள். அந்தக் கூரையைத் தாங்கும் தூண்கள் மரம் கிளை பிரிவதைப் போல மேலே விரிகின்றன. கட்டடத்துக்காகவே கால் மணி நேரம் அண்ணாந்து நின்றேன். சிங்கப்பூர் ஓவியங்கள் நகர மண்டபப் பக்கம், இரண்டாம் மாடியில். தென்கிழக்காசிய ஓவியங்கள் நீதிமன்றப் பக்கம். எனக்கு முதல் பக்கத்துக்கே ஒரு நாள் சரியாகப் போய்விட்டது.

கருவாட்டுப் படம் அன்று சுவரில் இல்லை. அங்கே நின்ற தொண்டூழியர் அம்மாவிடம் கேட்டேன். மையும் சாயமும் கொண்டு தாளிலும் துணியிலும் வரைந்தவை வெளிச்சத்தில் அதிக நாள் நிற்கக் கூடாது, மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள் என்றார். எனக்கு உடனே புரிந்தது. மேற்குப் பார்த்த சுவரில் எழுதிய போர்டில் முதலில் போவது சிவப்புதான், மூன்று வெயிலில் ரோஜா நிறமாகிவிடும். ஏமாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மா, “அவர் படம் இல்லை என்றால் என்ன, அவரோடு பாலிக்குப் போனவர்களைப் பாருங்கள்” என்று என்னை ஒரு படத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். மீதி நாள் முழுக்க அதைச் சுற்றித்தான் போனது.

கதை இதுதான். 1952இல் சிங்கப்பூரிலிருந்து நான்கு ஓவியர்கள் ஜாவாவுக்கும் பாலித் தீவுக்கும் புறப்பட்டார்கள். லியூ காங், சென் வென் சி, சென் சோங் ஸ்வீ, சியோங் சூ பியெங். நால்வரும் சீனாவில் பிறந்தவர்கள், ஷாங்காய் ஓவியப் பள்ளிகளில் படித்தவர்கள். லியூ காங் மட்டும் சில வருடம் பாரிஸிலும் இருந்தவர். மூத்தவருக்கு 46 வயது, இளையவருக்கு 35. படம் விற்று வாழ்ந்தவர்கள் இல்லை, பாடம் நடத்திப் பிழைத்தவர்கள். ஏறக்குறைய ஏழு வாரம் சுற்றினார்கள். சானூர் கடற்கரையில் லெ மேயர் என்ற பெல்ஜிய ஓவியர் வாழ்ந்துவந்தார். அவர் மனைவி நி பொல்லோக் பாலிக்காரர், லெகோங் நடனக்காரர், அவர் படங்களின் மாடலும் கூட. லெ மேயர் 1930களிலேயே சிங்கப்பூர் வந்து படங்களைக் காட்சிக்கு வைத்தவர். அவர் வீட்டுக்கும் இவர்கள் போனார்கள். ஊர் திரும்பி, 1953 நவம்பரில் சிங்கப்பூர் பிரிட்டிஷ் கவுன்சிலில் நூறுக்கும் மேற்பட்ட படங்களை வைத்துக் காட்டினார்கள். இந்த ஊரின் ஓவிய வரலாற்றை அந்தப் பயணத்துக்கு முன், பின் என்றுதான் பலரும் பிரித்துப் பேசுகிறார்கள். இவர்கள் பாணிக்கு நன்யாங் பாணி என்று பெயர். நன்யாங் என்றால் தென்கடல், அதாவது சீனர்கள் பிழைக்க வந்த நம் பக்கத்துக் கடல்.

அந்த அம்மா காட்டிய படம் லியூ காங் 1954இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ‘ஓவியரும் மாடலும்’. ஒரு பாலிப் பெண் மாடலாக இருக்கிறார், ஒருவர் அவரை வரைந்துகொண்டிருக்கிறார். வரைகிறவர் வேறு யாருமில்லை, கூட வந்த சென் வென் சி. நண்பன் வேலை செய்வதை நண்பன் வரைந்திருக்கிறான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் கோடு. உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறது. கறுப்பில்லை, வெள்ளை.

போர்டு எழுதுகிறவனுக்கு அவுட்லைன் என்றால் உயிர். எழுத்தை நிரப்பிக் காய்ந்த பிறகு கடைசியாகத்தான் அவுட்லைன் இழுப்போம். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் வர வேண்டும். கை நடுங்கினால் இரண்டு நாள் வேலை கெட்டது. எங்கள் அவுட்லைனின் வேலை எழுத்தை முன்னால் தள்ளுவது, நடுரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காக. லியூ காங்கின் கோடு அப்படி எதையும் தள்ளவில்லை. தோளில் தடித்து, முழங்கையில் மெலிந்து, துணி மடிப்பில் கிட்டத்தட்ட மறைந்து மறுபடி வருகிறது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தை முட்டாமல் நடுவே வழி விட்டிருக்கிறது. பத்தடி தள்ளி நின்றால் முழுப் படமும் ஒரு பாத்திக் துணி மாதிரி இருக்கிறது.

அது சும்மா மாதிரி இல்லை, அங்கிருந்தே வந்தது. பாத்திக் போடும்போது உருகிய மெழுகால் துணியில் கோடு இழுப்பார்கள். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. பிறகு வெந்நீரில் மெழுகை எடுத்தால் அந்தக் கோடு வெறும் துணியாகத் தெரியும். பாத்திக் வேலை செய்யும் பெண்களையும் லியூ காங் அதே வருடம் வரைந்திருக்கிறார். ஷாங்காயில் தொடங்கி பாரிஸில் பழகிய கை, நாற்பது வயதுக்கு மேல், தீவுக்காரிகள் துணியில் போடும் கோட்டைப் பார்த்துத் தன் கோட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் கை மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்து ரோலர் பிடிக்கப் பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

நிலக்காட்சி பிடிக்கும் என்றால் லியூ காங்கின் ‘ஆற்றோர வாழ்க்கை’ படத்தை விடாதீர்கள். 1975இல் வரைந்தது, நல்ல பெரிய படம். ஆறு, கம்பத்து வீடுகள் (கம்பம் என்றால் இங்கே மலாய்க் கிராமம்), ஆட்கள், அவரவர் வேலை. இதில் ஒரு இடத்தில் நின்று பார்த்த பார்வை இல்லை. ஒரு வீட்டை மேலேயிருந்து பார்க்கிறோம், அடுத்ததை நேரே பார்க்கிறோம், கண் ஆற்றோடு நடக்கிறது. சீனச் சுருள் ஓவியத்தில் மலையும் அருவியும் இப்படித்தான் இருக்கும் என்று தொண்டூழியர் அம்மா சொன்னார். மலைக்குப் பதில் மலாய்க் கம்பம், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்ததே இல்லாத ஊர், ஆனால் அந்த மரத்தூண் வீடுகளுக்குக் கீழே நிழல் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தது.

சென் சோங் ஸ்வீ வேறு வழி. அவர் சீன மையை விடவில்லை. அதே தூரிகை, அதே செங்குத்துச் சுருள், ஓரத்தில் சீன எழுத்து. ஆனால் உள்ளே இருப்பது தென்னையும் கடற்கரையும் மலாய்க் குடிசைகளும். இது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். பைன் மரத்துக்கு இப்படி, மூங்கிலுக்கு இப்படி என்று ஒவ்வொன்றுக்கும் பல நூறு வருடமாகப் பழகிவந்த தூரிகை வீச்சு சீன ஓவியத்தில் உண்டு. தென்னைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவரே கண்டுபிடிக்க வேண்டும். நான் பேனரில் தென்னை போடுவது பட்டைத் தூரிகையைப் பக்கவாட்டில் வைத்து இழுத்து, ஒவ்வொரு கீற்றாகக் கீழே தட்டுவது. அவர் ஈர மையில், திருத்தவே முடியாத தாளில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

எனக்கு மனதில் உறுத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். பாலிப் படங்களில் பெரும்பாலும் பெண்கள். படையல் கொண்டுபோகும் பெண், ஆடும் பெண், உட்கார்ந்திருக்கும் பெண். அழகாக இருக்கிறார்கள், ஆனால் யார் என்று தெரியவில்லை. ‘ஓவியரும் மாடலும்’ படத்தில் ஓவியரின் பெயர் நமக்குத் தெரியும், அவர் எப்போது பிறந்தார் என்பதுவரை தெரியும். அந்தப் பெண்ணின் பெயர் தலைப்பில் இல்லை. இந்தோனேசியா விடுதலையை அறிவித்து அப்போது ஏழு வருடம்தான். தீவில் வேறு எவ்வளவோ நடந்திருக்கும், அதெல்லாம் இந்தப் படங்களுக்குள் வரவில்லை. வந்தவர்கள் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. லெ மேயர் வரைந்த அதே கனவு இவர்களையும் கொஞ்சம் பிடித்திருக்கிறது.

இதை நினைத்துக்கொண்டு நடந்தபோதுதான் சுவா மியா டீயின் ‘தேசிய மொழி வகுப்பு’ முன்னால் வந்தது. 1959, சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த வருடம். சீன இளைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் படிக்கிறார்கள். கரும்பலகையில் மலாயில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே குடியிருக்கிறாய்? வேலைக்கு வந்த புதிதில் நான் கற்றுக்கொண்ட முதல் மலாய் வாக்கியமும் ‘சியாப்பா நாமா’தான். ஏழு வருடத்துக்கு முன் பாலியில் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று தோன்றியது. அந்தப் படத்தின் முன் நான் நின்ற நேரம் அதிகம்.

ஜார்ஜெட் சென் என்ற ஓவியரின் பழப் படங்களையும் பாருங்கள். ரம்புத்தானின் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

சரி, போகிறவர்களுக்குத் தேவையானது. காலை 10 மணி முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். நிரந்தரக் காட்சிகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். என்னைப் போல் வேலை அனுமதியில் இருப்பவர்களும் சுற்றுலா வருபவர்களும் கட்டணம் எவ்வளவு என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். என் கணக்குக்கு அது சிறிய தொகை இல்லை, ஆனாலும் மறுபடி கொடுப்பேன். காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்கு மேல் குடும்பங்கள் நிறைய வருகின்றன. உள்ளே நன்றாகக் குளிரும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு கட்டடத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பத்து படம் போதும். ஒவ்வொன்றையும் முதலில் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் காவலர் முறைக்காத தூரம்வரை கிட்டே போங்கள்.

படத்தின் பிரதி வாங்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. நான் வேறோர் இடத்தில், ஒரு சின்னச் சட்டம் போடும் கடையில், லியூ காங் படம் ஒன்றின் அச்சை வாங்கி ஏமாந்தேன். அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தால் வெள்ளைக் கோடெல்லாம் பழுப்பாக இருக்கிறது. கோடு பழுப்பானால் அந்தப் படத்தில் ஒன்றுமே இல்லை, எல்லா நிறமும் ஒன்றோடொன்று ஒட்டிச் செத்துவிடுகிறது. அதைத் திருப்பி வைத்துப் பின்பக்க அட்டையில் தென்னை போட்டுப் பழகுகிறேன், கறுப்பு மையில். இதுவரை பதினோரு மரம். காற்று இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை அங்கிளிடம் கருவாடு இல்லை என்றேன். கோண்டலா கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டே, “அப்போ அது திரும்பி வந்ததும் சேர்ந்து போவோம் தம்பி, அந்தச் சுருள்களில் எழுதியிருப்பதை நான் படித்துச் சொல்கிறேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பாதிதான் படிக்க வரும்” என்றார்.