ஆக்ஸிலரேட்டர் இல்லாத நைட்ரைல் கையுறை: மாம்பழக்கூழ் ஆலையில் போட்டுப் பார்த்தது

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், பழத்தின் காம்புப் பகுதியைச் சீவி அழுகலை வெட்டி எறியும் மேசை என்னுடையது. பெங்களூரா ரக மாம்பழம் லாரி லாரியாக இறங்கும் ஜூன், ஜூலையில் நாள் முழுக்கக் கையுறையைக் கழற்ற முடியாது.

முன்பு போட்ட ரப்பர் கையுறையில் கை அரித்துச் சிவந்தது. மாம்பால் பட்டிருக்கும் என்றார்கள் எல்லோரும். மாம்பாலும் தோலைப் புண்ணாக்கும்தான். ஆனால் என் கையில் சிவப்பு, கையுறையின் விளிம்பு முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல் நின்றது. பால் தெறித்திருந்தால் முழங்கை வரை அல்லவா புள்ளி விழுந்திருக்கும்?

தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்தார்; சந்தேகப்படும் ரசாயனங்களைக் கட்டம் கட்டமாகப் பட்டையில் வைத்து ஒட்டுவது அது. 48 மணி நேரம் கழித்துப் பட்டையைப் பிரித்தார், 96 மணி நேரத்தில் மறுபடி பார்த்தார். அந்த வெயிலில் முதுகை நனைக்காமல் இருந்த பாடு தனிக்கதை! தையூரம் வைத்த கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. ரப்பரைக் கந்தகத்தோடு இறுக்கும்போது வேலை சீக்கிரம் முடியச் சேர்க்கும் ரசாயனம் அது; இந்த வகை ரசாயனங்களைத்தான் ஆக்ஸிலரேட்டர் என்கிறார்கள். ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ளாதாம். தொட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் அரிக்கும் என்பதால் எதனால் வந்தது என்று பிடிபடுவதே இல்லை.

கடைக்காரர் 'லேட்டக்ஸ் இல்லாதது', அதாவது இயற்கை ரப்பர் பால் இல்லாதது என்று, செயற்கை ரப்பரான நைட்ரைல் கையுறைப் பெட்டியை நீட்டுவார். நம்பிவிடாதீர்கள். சாதாரண நைட்ரைலிலும் இதே வகை ரசாயனங்கள் இருக்கும். பெட்டியில் 'ஆக்ஸிலரேட்டர் இல்லாதது' என்று தனியாக அச்சிட்டிருக்க வேண்டும்.

நான் வாங்கியதில் அப்படி இருந்தது. இந்தப் பருவம் முழுக்கக் கை அரிக்கவில்லை. கத்தி லேசாக உரசினாலும் கிழிவதில்லை, பழத்தின் மெத்தென்ற இடம் விரலுக்குத் தெரிகிறது. வியர்வைதான் தொல்லை; உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொள்கிறேன்.

வினைல் என்ற பிளாஸ்டிக் கையுறை மலிவு, அதிலும் தையூரம் கிடையாது. ஆனால் சட்டென்று கிழியும், மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும். அது நழுவாமலிருக்க எங்கள் பெண்கள் ரப்பர் பேண்ட் மாட்டுகிறார்கள். எந்த ரசாயனத்துக்குப் பயந்தோமோ அது அந்த ரப்பர் பேண்டிலும் இருக்கலாம்!

நான் வாங்கிய நைட்ரைலில் குறைகள் இரண்டு. சாதாரண நைட்ரைலைவிட விலை அதிகம். மணிக்கட்டுப் பகுதி குட்டை, கையை உயர்த்தினால் சாறு உள்ளே வழிகிறது. நீளமான வகை கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் அதையே வாங்குவேன்.